மாப்பிள்ளைக்கு அவித்த முட்டை

காலையில் சிலர் கண்ணாடியில் முழிப்பார்கள், சிலர் கட்டிய மனைவி முகத்தில் முழிப்பார்கள். படகோட்டி முட்டையில் முழிப்பார். கடைக்குப் பின்னால் இருந்த சின்னச் சமையலறையில் அதற்கென்றே ஓர் அலுமினியப் பாத்திரம் இருந்தது. முட்டைகளை அதில் போட்டு, கொஞ்சம் உப்பும் போட்டு, கொதித்ததும் இறக்கிப் பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டு, நகம் படாமல் ஓடு உரித்து, மூடி போட்ட டப்பாவில் அடுக்குவார். இந்த வேலையை ஒரு நாளும் அவர் மனைவிக்கு விட்டுக்கொடுத்ததில்லை. வேறு எந்தச் சமையல் வேலையையும் அவர் தொட்டதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த உபசாரமெல்லாம் ஒரு மீனுக்கு.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்கடியில் ஒரு பழைய பயணிகள் கப்பல் கிடந்தது. விபத்தில் மூழ்கியதல்ல, வேண்டுமென்றே மூழ்கடித்தது. மீன்கள் குடியேறட்டும், பாசியும் பவளமும் பிடிக்கட்டும், பார்க்க ஆட்கள் வரட்டும் என்று எஞ்சினைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, கதவுகளைப் பிடுங்கி, பக்கத்தில் நாலு ஓட்டை போட்டு அமுக்கினார்கள். செயற்கைத் திட்டு என்று அரசாங்கம் பெயர் வைத்தது. போட்டதற்குப் பழுதில்லை. மீன்களும் வந்தன, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆட்களும் வந்தார்கள். அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதுதான் இந்தக் கடையின் தொழில். மனைவி வழிகாட்டி, கூட்டத்தோடு முங்குவாள். கணவர் படகோட்டி, மேலே இருப்பார்.

கப்பலின் மேல்தளத்தில் முன்னொரு காலத்தில் டிக்கெட் கொடுத்த அறை ஒன்று இருந்தது. அதன் அரைவட்ட ஜன்னலுக்குப் பின்னால் ஒரு களவா மீன் குடிவந்தது. வந்தபோது முழங்கை நீளம். போகப் போக ஜன்னலே அடைபடும் அளவுக்கு முகம் பெருத்தது. டிக்கெட் கேட்டு வந்தவர்களைப் பார்க்கும் குமாஸ்தாபோல வெளியே முறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் வழிகாட்டி விளையாட்டாக ஓர் அவித்த முட்டையை நீட்டினாள். வாங்கிக்கொண்டது. அதிலிருந்து அதைப் பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பெயர் வைத்தவர் சிலிண்டர். காற்று நிரப்பும் அறையில் கம்ப்ரசரோடு கத்திக் கத்திப் பேசிப் பழகிய, அதே உருவத்தில் இருந்த கடை ஊழியருக்கு அதுதான் பெயர். “உக்காந்த எடத்துக்குச் சாப்பாடு வரணும். கொஞ்சம் லேட்டானா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். எல்லாரும் சுத்தி நின்னு பல்லக் காட்டணும். இது மாப்பிள்ளை இல்லாம வேற என்ன?” என்றார். மீன் மாப்பிள்ளை ஆனதும், ஊட்டிவிடுகிறவள் மாமியார் ஆனாள், முட்டை அவிக்கிறவர் மாமனார் ஆனார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே இந்த உறவுமுறையை அவர்கள் மறுக்கவும் இல்லை.

மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

அந்தக் கப்பலை மூழ்கடித்த குழுவில் அவரும் ஒருவர். அப்போது அவர்தான் முங்குகிறவர், அவள் அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். கப்பல் அடியில் உட்கார்ந்த மறுநாள், சங்கிலி சரியாக நிற்கிறதா என்று பார்க்க இறங்கினார். சளி பிடித்திருந்தது. சளியோடு தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தன்னை விட்டுவிட்டு வேறொருவன் கப்பலை முதலில் பார்த்துவிடுவான் என்ற பயம்தான் காரணம். பாதி வழியில் இடது காதில் ஏதோ கிழிந்தது. கப்பலைப் பார்க்காமலே மேலே வந்தார். கிழிந்தது ஆறியது, ஆனால் காதுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. ஓர் ஆள் உயரம் இறங்கினாலே ஆணி அடிப்பதுபோல வலித்தது. “இனிமே குளிக்கிற வாளியோட நிறுத்திக்குங்க” என்றார் காது டாக்டர்.

மேலே மிதந்துகொண்டு மாஸ்க் வழியே எட்டிப் பார்க்கலாம். அதற்கு டாக்டர் தடை சொல்லவில்லை, அவருடைய மனம்தான் இடம் கொடுக்கவில்லை. “அது டூரிஸ்ட் வேலை” என்பார். தவிர, அந்தக் கடல் பச்சைக் கடல். மேலிருந்து பார்த்தால் மிதவையின் கயிறு கொஞ்ச தூரம் போய் மறைவது தெரியும், அவ்வளவுதான்.

ஆகவே அவருக்குக் கிடைத்ததெல்லாம் பேச்சு. திரும்பி வரும் வழியில் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே அன்றைய சேதியைச் சொல்வாள். “இன்னிக்கு ரெண்டாவது முட்டைய வாங்கித் துப்பிட்டான். சரியா வேகல போல.” “சும்மா சொல்லாத, அது நல்லா வெந்துச்சு.” “அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க.” வீட்டில் மின்கட்டணத்தைப் பற்றியும் கூரை ஒழுகுவதைப் பற்றியும் ஒற்றை வார்த்தையில் பேசிக்கொள்ளும் தம்பதி, படகில் அந்த மீனைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்து வருஷக்கணக்கில் நடந்தது. நடந்திருக்கக் கூடாது.

ஒரு பல் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், புதுக் கேமரா வைத்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், வழிகாட்டி மட்டும்தான் கறுப்புக் கையுறை போட்டு முட்டை நீட்டுவாள் என்று படகிலேயே சொல்லித்தான் இறக்கினார்கள். கீழே போனதும் அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. கேமராவுக்கு முகத்தைக் காட்டியபடி, பின்னால் இருக்கும் மீனைக் கட்டைவிரலால் சுட்டிக்காட்டினார். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல் நுனி முட்டை மாதிரியே இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டது.

விரல் போகவில்லை. தையல் போட்டார்கள். “ஊரெல்லாம் பல்லு புடுங்கறவரையே கடிச்சிட்டானே” என்று சிலிண்டர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பிறகு கொஞ்சம் சிரித்தார்கள்.

மீன்வளத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். தானும் முங்கத் தெரிந்தவர், அதிகம் பேசாதவர். ரப்பர் உடுப்புகள் சொட்டிக்கொண்டிருந்த கடையில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் தொட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

“மீன் மேல தப்பில்ல. கையப் பாத்தா சாப்பாடுன்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்க.”

வழிகாட்டி தலையை ஆட்டினாள். மாமனார் கதவோரமாக நின்றிருந்தார்.

“வேற எடத்துல கொண்டுபோய் விட்டுடலாமே மேடம்?” என்றார் சிலிண்டர்.

“திரும்ப அங்கேயேதான் வந்து நிக்கும். களவா வீட்ட மறக்காது. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் வந்து இறங்கிப் பாப்பேன். மனுஷங்களத் தேடிக் கிட்ட வந்துச்சுன்னா ஈட்டியால குத்திட வேண்டியதுதான். இல்லன்னா அந்தக் கப்பல மூடணும். இப்பலேர்ந்து ஒரு முட்டைகூடக் கூடாது. கிட்ட வந்தா குச்சியால விரட்டுங்க. பயப்படக் கத்துக்கட்டும்.” எழுந்திருக்கும்போது சும்மா ஒரு தகவலாகச் சொன்னார்: “உங்களுக்குத் தெரியுமா, களவா எல்லாம் முதல்ல பொம்பளயாத்தான் இருக்கும். பெருசானதும் ஆம்பளயா மாறும்.”

“அப்ப மருமகளா வந்துதான் மாப்பிள்ளை ஆயிருக்கான்” என்றார் சிலிண்டர். அதற்கு அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் ஏதாவது பேசிப் பார்க்கலாம்.

மறுநாளிலிருந்து வழிகாட்டி ஓர் அலுமினியக் குச்சியோடு இறங்கினாள். சீசன் இல்லாத மாதங்கள், வாரத்தில் சில நாட்கள்தான் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் இல்லாத நாளிலும் சிலிண்டரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், தனியாக முங்கக் கூடாது என்ற விதிக்காக. மேலே வந்ததும் துவட்டிக்கொண்டாள், குச்சியைத் துண்டில் சுற்றி வைத்தாள், கரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“என்ன பண்றான்?” என்று கேட்டார் மாமனார்.

“போறான்.”

“எப்படிப் போறான்?”

“போறான்னா போறான். விடுங்களேன்.”

அவ்வளவுதான் சேதி. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. படகில் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. வீட்டில் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒற்றை வார்த்தையில் பேசிக்கொண்டார்கள். முட்டையும் போய், பேச்சும் போய், அவர் கையில் ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டது. அவருக்குப் பசித்தது, வயிற்றில் அல்ல.

காலையில் எழுந்து பழக்கத்தில் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிடுவார். ஒன்றிரண்டை அவரே சாப்பிட்டார், சிலிண்டருக்குக் கொடுத்தார். ஒரு நாள் உரித்த முட்டை ஒன்று சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. கப்பலுக்கு மேலே மிதவையில் படகைக் கட்டியிருந்தார்கள். முங்கியவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். முன்பக்கம் ஃபிளாஸ்கைத் திறந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பின்பக்கம் போய், எஞ்சினைப் பார்ப்பதுபோலக் குனிந்து, முட்டையைத் தண்ணீரில் விட்டார். வெள்ளையாக இறங்கியது, பச்சையானது, காணாமல் போனது.

அவர் முட்டாள் இல்லை. யோசித்துத்தான் செய்தார். மீன் கடித்தது கையை. கையைப் பார்த்தால் சாப்பாடு என்றுதானே அதற்குப் பாடம்? இதில் கை இல்லை, ஆள் இல்லை, கறுப்புக் கையுறை இல்லை. கீழே ஒருவரும் இல்லாத நேரத்தில் எங்கிருந்தோ ஒரு முட்டை விழுகிறது. மழை பெய்கிற மாதிரி. மழை பெய்ததற்கு யாரைக் கடிப்பது? அவருக்கு இது அசைக்க முடியாத நியாயமாகத் தெரிந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பதும் பூனைக்கு அசைக்க முடியாத நியாயம்தான்.

அதற்குப் பிறகு போகிற நாளெல்லாம் ஒன்று விட்டார். சில நாள் இரண்டு. ஒரு தரம் படகை மிதவையில் கட்டி எஞ்சினை நிறுத்தியதும், அடிப்பலகையில் தொப்பென்று ஏதோ இடித்தது. மிதந்து வந்த கட்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

சீசன் நெருங்கும்போது வழிகாட்டி கொஞ்சம் பேசத் தொடங்கினாள். சேதி நன்றாக இருந்தது. குச்சியைக் கண்டாலே மாப்பிள்ளை அறையின் பின்பக்கம் போய்விடுகிறானாம். வெறுங்கையை நீட்டினாலும் வருவதில்லையாம்.

“ஒண்ணுதான் புரியல” என்றாள். “முட்டைய நிறுத்தி எவ்வளவு நாளாச்சு. கொஞ்சமாவது எளைக்கணுமே. எளைக்கவே இல்ல.”

“வேற மீனத் தின்னுவான்” என்றார் அவர், மிதவைக் கயிற்றைப் பார்த்தபடி.

“அதுவும் சரிதான். நாம எறங்கறப்ப பல நாள் ரூமுலயே இருக்கறதில்ல. எங்கேயோ சுத்திட்டுத்தான் வர்றான்.”

தேள் கொட்டிய திருடன்போல அவர் வாயை மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்தார்.

அதிகாரி அம்மா சொன்னபடி வந்தார். நீளமான பையிலிருந்து ஈட்டித் துப்பாக்கியை எடுத்து, ரப்பரை இழுத்துப் பார்த்து, திரும்பப் பையிலேயே வைத்து, படகின் ஓரத்தில் சாய்த்தார். “இன்னிக்குத் தேவப்படாதுன்னு நம்புவோம்” என்றார். மாமனார் அன்று முட்டை அவிக்கவில்லை. பாத்திரத்தை எடுத்தார், கழுவினார், கவிழ்த்து வைத்துவிட்டார். இன்று ஒரு நாள் ஒழுங்காக இருந்துவிட்டால் போதும், மாப்பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்பது அவருடைய கணக்கு.

கடல் அமைதியாக இருந்தது. மிதவையில் கட்டினார், எஞ்சினை நிறுத்தினார். இரண்டு பெண்களும் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள். அதன் பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை குமிழிதான். தொழிலில் பழுத்த கண் அது. இரண்டு வரிசைக் குமிழிகள் கயிற்றோரமாக இறங்கின. கப்பலின் முன்பக்கத்தைச் சுற்றின. மேல்தளத்துக்கு வந்தன. அங்கே இரண்டும் நின்றன. டிக்கெட் அறை.

“கைய நீட்டறாங்க போல” என்றார் சிலிண்டர், டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல்.

ஒரு வரிசை குமிழி கொஞ்ச நேரம் வரவே இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது தன் மனைவி என்று அவருக்குத் தெரியும். பிறகு பெரிதாக ஒரு குமிழிக் கூட்டம் வந்தது. இரண்டு வரிசையும் நகர்ந்தன. அவசரம் இல்லாமல், கயிற்றைப் பார்த்து, மேலே. அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மேலே வருகிறவர்கள் கடைசியில் கொஞ்ச ஆழத்தில் கயிற்றைப் பிடித்தபடி சில நிமிடம் நிற்க வேண்டும், உடம்பில் ஏறிய வாயு மெல்ல இறங்குவதற்காக. படகுக்கு நேர் கீழே நின்றார்கள். குமிழிகள் அடிப்பலகையில் தட்டித் தட்டி இரு பக்கமும் பிரிந்து வந்தன. திடீரென்று ஒரு வரிசை தாறுமாறாகக் கொப்பளித்தது. சிலிண்டர் எழுந்துவிட்டார். கொப்பளித்தது, குறைந்தது, சீரானது.

முதலில் ஏறியவர் அதிகாரி அம்மா. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். “உங்க சம்சாரம் உதச்ச உதையில என் மாஸ்க்கே கழண்டுடுச்சு. கண்ணே தெரியல. இவ்வளவு அனுபவம் இருந்தும் கால்ல மாட்டின ஃபின் எங்க போகுதுன்னு தெரியாதா?”

“மன்னிச்சுக்குங்க மேடம். திரும்பறப்ப கவனிக்கல” என்றாள் வழிகாட்டி.

“பரவால்ல. மீன் சரியாயிடுச்சு. கைய நீட்டினேன், திரும்பிப் பாத்துட்டு உள்ள போயிடுச்சு. எனக்கே ஆச்சரியம்தான். நல்லா வேல பாத்திருக்கீங்க.” ஈட்டித் துப்பாக்கியின் பையை மூடினார். “ஆனா அடுத்த மாசம் சொல்லாம ஒரு நாள் வருவேன். பழக்கம் சீக்கிரம் திரும்பும்.”

கரைவரைக்கும் மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி தன்னைப் பார்க்கவே இல்லை என்பதை அவர் கவனித்தார், களைப்பு என்று வைத்துக்கொண்டார். அதிகாரி அம்மா இறங்கினார். சிலிண்டர் சாமான்களைக் கழுவ எடுத்துப் போனார். படகைக் கட்டக் கயிற்றை எடுத்தபோது மனைவி சொன்னாள்:

“கட்டாதீங்க. திருப்புங்க.”

“எதையாவது விட்டுட்டியா?”

“ஆமா.”

மிதவைக்கு வந்தார்கள். வேறு படகு எதுவும் இல்லை. அவர் எஞ்சினை நிறுத்தினார். குதிக்க எழுந்திருப்பாள் என்று பார்த்தார். அவள் அசையாமல் உட்கார்ந்து, ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள், கேள் என்பதுபோல.

கொஞ்ச நேரம் அலை தட்டும் சத்தம்தான். அப்புறம் அடிப்பலகையில் தொப்பென்று ஓர் இடி.

“எத்தன நாளா?” என்றாள்.

அவர் மிதவையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “நீ குச்சி எடுத்துட்டுப் போன கொஞ்ச நாள்லேர்ந்து” என்றார்.

“நாங்க கயித்தப் புடிச்சுட்டு நிக்கறோம். அந்தம்மா கைல இருக்கற மீட்டரப் பாத்துட்டு இருந்தாங்க. இவன் எங்களுக்கும் மேல, படகு நெழல்ல, வாயத் தெறந்து அண்ணாந்து பாத்துட்டு நிக்கறான். அந்தம்மா தலையத் தூக்கினா முடிஞ்சுது. நான் என்ன பண்ணுவேன்? அந்தம்மா மூஞ்சியில உதச்சேன். தண்ணிக்குள்ள ஒரு ஆளோட மாஸ்க்க வேணும்னே தட்டியிருக்கேங்க. யாராவது செய்வாங்களா? நான்தான் எல்லாருக்கும் பாடம் எடுக்கறேன்.”

“இன்னிக்கு நான் போடல. சத்தியமா போடல. முட்டையே அவிக்கல.”

“அவனுக்கு அது தெரியுமா? எஞ்சின் நின்னா சோறு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.”

“கையில கொடுக்கக் கூடாதுன்னுதான… நான் கையே காட்டல.”

“கை இல்லன்னா என்ன? படகு இருக்கே.” அவள் குரல் உயர்ந்தது, பிறகு தானாக இறங்கியது. “நாளைக்கு எவனாவது ஏணியில கால வெப்பான். வெளுத்த கால். இல்ல, தூண்டிக்காரன் எவனாவது வந்து நிப்பான். இவனே போய் அடியில நின்னு வாயத் தெறப்பான். ஈட்டிகூட வேணாம், வாளியில மொண்டுக்கலாம். நான் கீழ மாசக்கணக்கா வெரட்டறேன், நீங்க மேலேர்ந்து வா வான்னு கூப்பிடறீங்க.”

தப்புச் செய்தவர்கள் வழக்கமாக ஒன்று கோபப்படுவார்கள், இல்லை அழுவார்கள். அவருக்கு இரண்டும் வரவில்லை. “நீ பேச மாட்டேன்னுட்ட” என்றார். “அவன் என்ன பண்றான், ஏது பண்றான்னு ஒண்ணும் சொல்லல. எனக்குன்னு அதுல இருந்தது அவ்வளவுதான்.”

அவள் பெட்டியைத் திறந்து ஒரு மாஸ்க்கையும், மூச்சுக் குழாயையும் எடுத்தாள். துண்டைப் பிரித்துக் குச்சியை எடுத்தாள். எல்லாவற்றையும் அவர் மடியில் வைத்தாள்.

“எறங்குங்க.”

“என் காது…”

“கீழ போகச் சொல்லல. ஏணியப் புடிச்சுட்டு மெதங்குங்க. கீழ நான் பழக்கினேன், நான் வெரட்டினேன். மேல பழக்கினது நீங்க. இங்க நான் அடிச்சா அவன் எனக்குத்தான் பயப்படுவான். படகுக்குப் பயப்பட மாட்டான். படகுல இருக்கற ஆளு அடிக்கணும்.”

அவர் சட்டையைக் கழற்றினார். மாஸ்க்கில் எச்சில் துப்பித் தேய்த்தார். கைக்கு அது மறந்திருக்கவில்லை. ஏணியில் இறங்கி, ஒரு கையால் கடைசிப் படியைப் பிடித்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். இடது காதுக்குள் தண்ணீர் சில்லென்று புகுந்தது. வலிக்கவில்லை.

பச்சை. பச்சைக்குள் போய் மறையும் கயிறு. வேறொன்றும் இல்லை. பிறகு பச்சையில் ஓர் இடம் மட்டும் அழுத்தமாகி, பழுப்பாகி, அதற்கு ஒரு வாய் வந்தது.

மனைவி சொல்லச் சொல்ல அவர் மனதில் கட்டி வைத்திருந்த மீன் வேறு. அது கறுப்பு, திமிர் பிடித்தது, மீசை இல்லாத குறைதான். இது உடம்பெல்லாம் மங்கிய புள்ளிகளோடு, கீழுதடு முன்தள்ளி, உள்ளே வா என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வாசலில் தயங்கி நிற்கும் உறவுக்காரரைப்போல இருந்தது. கண்கள் இரண்டும் தனித்தனியாக உருண்டன. ஒன்று அவரைப் பார்த்தது, மற்றது குச்சியைப் பார்த்தது. குச்சியைக் கண்டதும் துடுப்புகளை அடித்துப் பின்வாங்கியது. பிறகு மேலே படகின் அடிப்பாகத்தைப் பார்த்தது. படகு இருக்கிறது என்று நம்பி, திரும்பவும் முன்னால் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று வாயைத் திறந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல மீன். இவ்வளவு நல்ல மீனைப் பார்க்காமல் இத்தனை வருஷம் வீம்பில் கழித்துவிட்டோமே என்று அவருக்கு ஆற்றாமையாக வந்தது.

“வந்தானா?” என்று மேலிருந்து குரல் கேட்டது. “பாத்துட்டே இருக்காதீங்க. அடிங்க.”

குச்சியை நீட்டினார். உதட்டில் தொட்டார், அவ்வளவுதான். முட்டையா என்று பார்க்க மீன் அதை வாயில் வாங்கப் பார்த்தது. இரண்டாவது தடவை முகத்தை விட்டு விலகிப் பக்கத்தில் தட்டினார். அது கொஞ்சம் சுற்றி, அடுத்த பக்கத்திலிருந்து வந்து, பழையபடி வாயைத் திறந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, ஏணியில் காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் குத்தினார். குச்சி வழியாகக் கைக்கு அந்த எலும்பு தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது பச்சை மட்டும்தான் இருந்தது. கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் ஏறி வந்து உட்கார்ந்தார். உடம்பிலிருந்து வழிந்த தண்ணீர் காலடியில் தேங்கியது. அவள் துண்டைக் கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டார். இவ்வளவு காலமும் துவட்டுகிறவள் சொல்வாள், அவர் கேட்பார். இப்போது அவள்தான் கேட்டாள்.

“எப்படி இருந்தான்?”

“கண்ணு ரெண்டும் தனித்தனியாச் சுத்துது.”

“ஆமா.”

“இவ்வளவு பெருசா இருப்பான்னு நான் நெனைக்கல. நெத்தியில ஒரு வெட்டு இருக்கு. ஆறிப்போய் வெள்ளையா, நீளமா. நீ அதச் சொன்னதே இல்லையே?”

அவள் குச்சியை வாங்கித் துண்டில் சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்று சுற்றி நிறுத்தினாள்.

“அது நான் அடிச்சது” என்றாள். “முதல் வாரம். எவ்வளவு தள்ளினாலும் கிட்ட கிட்ட வந்தான். வெளயாடறேன்னு நெனச்சுட்டான். அதுக்கப்புறம் உங்ககிட்ட என்னத்தச் சொல்லுவேன்?”

அவர் அவள் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பப் போனவர் சாவியில் கையை வைத்தபடி நின்றார்.

“நாளைக்கும் வருவானா?”

“வருவான்.”

“அடிக்கணுமா?”

“அடிக்கணும்” என்றாள் அவள். “வராம இருக்கற வரைக்கும்.”